இரண்டாவது சாவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் போதும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இது எனக்கு வாயில் வராத விஷயம்.

நம் ஊர் பேங்கைப் பெரிய பேங்கோடு சேர்க்கிறார்கள், அடுத்த மாதம் பெயர்ப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அதற்குமுன் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட வேண்டுமாம், முப்பது வருஷம் கேஷியரா இருந்தவர் நீங்கதானே, நீங்களே எழுதிடுங்க என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் ஜம்பமாக ஒத்துக்கொண்டேன். கடைக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து மருந்துக்கடை மாடியில் தொடங்கியது, இரும்புப் பெட்டி படியில் ஏறாமல் சுவரை இடித்து உள்ளே இழுத்தது, அந்த இடத்துப் பூச்சு இன்றும் நிறம் மாறித் தெரிவது என்று மளமளவென எழுதினேன். நீ பிறந்த வருஷம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பெட்டக அறைக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று என்னிடம், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். நான் வராத நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் சாவியை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று காலை அம்மாவுக்கு வலி கண்டதும் மேனேஜருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், சட்டைப்பையில் சாவி இருப்பதை மறந்துபோனேன், படுபாவி. நர்ஸ் உன்னைக் கையில் கொடுத்து நான் நெஞ்சோடு அணைத்தபோதுதான் அது இடித்தது. திரும்பி ஓடி வந்தால், பெட்டகம் திறக்காமல் போட்ட பணம் கையில் கிடைக்காததால், பேங்க் திவாலாயிடுச்சு என்று வாசலில் ஊரே கத்துகிறது, மேனேஜரின் சட்டை கிழிந்திருக்கிறது. பின்கதவு வழியாக வந்த என்னிடம் அவர் முதலில் கேட்டது, என்ன குழந்தைப்பா? பொண்ணு சார் என்றேன். நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சாவியை வாங்கினார். எல்லோருக்கும் அன்றே பணம் கொடுத்தோம், ஆனாலும் பாதிப் பேர் கணக்கை முடித்துக்கொண்டார்கள். விசாரணையில் அவர், கேஷியர் சாவியை என்கிட்ட குடுத்துட்டுதான் போனார், நான்தான் வீட்ல மறந்து வெச்சிட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். என்னிடம், கைக்குழந்தையை வெச்சிருக்கே, வாயை மூடிட்டு இரு என்றார். மூடிக்கொண்டேன். அவருக்கு வேலை போயிற்று. கதவடைச்ச மேனேஜர் என்றே சாகும்வரை ஊர் அவரைப் பேசியது, நான் அதைக் கேட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது அம்மாடி.

இந்தமுறை என் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். இப்ப எதுக்குப் பழசைக் கிளறணும், சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் மேனேஜரின் மனைவியிடம் போய் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பாவி மனுஷன், எங்கிட்டகூட சொல்லலையே என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழந்தை இப்ப எங்க இருக்கு, நல்லா இருக்காளா என்று கேட்டார்.

அதற்குப் பதிலை அவருக்கு நீதான் சொல்ல வேண்டும். அவர் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சாக்குச் சொல்லாமல் உன் கையாலேயே நாலு வரி போடு. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உலகத்தில் உன்னை முதலில் வாழ்த்தியவர் அந்த மேனேஜர், அதற்குப் பிறகு என் வாழ்த்தையும் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா