சீட்டில் எழுதிய பெயர்

மாமாவுக்கு,

நம் பாப்பா போய் நாற்பது நாள் ஆயிற்று. அவள் ஏதாவது சொல்வாளா என்று, செத்தவர்களோடு பேசுகிற அம்மாவின் கூட்டத்துக்கு இங்கே பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஒரு சீட்டு கொடுத்தார்கள்; இந்த ஊரில் எல்லாம் கன்னடம்தானே, எனக்குப் படிக்க வராது. என் பெயருக்குக் கீழே ஒரு கட்டம். ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாச் சீட்டிலும் அந்த இடத்தில் புருஷன் பெயர்தானே கேட்பார்கள், உங்கள் பெயரை எழுதிவிட்டேன். அது செத்தவர் பெயருக்கான இடமாம்.

மேடையில் அந்த அம்மா உங்கள் பெயரைக் கூப்பிட்டார்.

எழுந்து, "அவரு உசுரோட இருக்காருங்க, கேரளாவுல கட்டட வேலைல" என்றேன்.

பக்கத்திலிருந்தவள், "அப்பறம் எதுக்குடி எழுதுன, அவரு சாகணும்னு அவ்வளவு ஆசையா?" என்று சிரித்தாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அதுவரை கன்னடம் மட்டும் பேசியவர், கண்ணை மூடித் தமிழில் சொன்னார்: "ஏ குள்ளச்சி, பாப்பா எங்கூடத்தான் இருக்கா. நீ அழுவாத."

நீங்கள் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பெயர். மண்டபமே கைதட்டியது.

மூன்று நாளாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அங்கே வருகிற மேஸ்திரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும், அவள் தனியாக இல்லையே என்று ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக என்னைத் திட்டுங்கள் மாமா. போன் போட்டுத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி