உப்பின் மேல் பூசியது

இன்று காலை கோல சிலாங்கூர் கிடங்கில் புது டின் ஒன்றைத் திறந்தார்கள். தண்ணீர் ஒட்டாத அந்தப் பூச்சின் நெடி மூக்கில் ஏறியதும் வெளியே வந்து நின்றுகொண்டேன். நீ போன பிறகு எனக்கு அந்த வாசம் ஆவதில்லை.

சுங்கை பெசார் படகுத்துறை வேலை உனக்கு நினைவிருக்கும். நடைபாலத்தைத் தாங்கும் இரும்புகளைத் துருப் போக மணலடித்துச் சுத்தம் செய்து வைத்திருந்தோம். மதியம் காற்று மாறி, கடல் சாரல் முழுவதும் அவற்றின்மேல் படிந்தது. நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவினோம். நீ இரும்பை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாய்.

“டேய், உப்பு இன்னும் போவலடா. இன்னொரு தடவ கழுவணும்.”

தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. லோரி போய் நிரப்பி வர வேண்டும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மேற்பார்வை என்னுடையது.

“இது தண்ணியே ஒட்டாத சாமான் லா. உள்ள கொஞ்சம் உப்பு இருந்தா என்ன பண்ணிடும்? பூசு.”

“நீ சொன்னா சரி,” என்று தூரிகையை எடுத்தாய். தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ என்னிடம் அதிகம் வாதாடியதில்லை.

காய்ந்ததும் ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்தோம். முத்து முத்தாக உருண்டு ஓடியது. நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

பூசிய நான்காம் ஆண்டில் அதே பாலத்தில் விளக்கு மாட்டப் போனாய். நீ நின்ற இடத்தில் தாங்கும் இரும்பு ஒடிந்தது. கடல் வற்றியிருந்த நேரம். கீழே உடைந்த கான்கிரீட் தூண்கள். நான் ஓடி வந்தபோது உனக்குப் பேச்சில்லை.

உன்னைத் தூக்கிப்போன பிறகு ஒடிந்த இரும்பைப் பார்த்தேன். மேலே பூச்சு பளபளப்பாகவே இருந்தது. நகத்தால் கீறினேன், தோலாக உரிந்து வந்தது. அடியில் அடுக்கடுக்காகத் துரு. கடல் வெளியிலிருந்து வரவில்லை. நாம்தான் அதை உள்ளே வைத்து மூடியிருந்தோம். நாம் இல்லை, நான்.

காரியத்தன்று உன் மனைவி என் எதிரே வந்து உட்கார்ந்தார். “கடலு தின்னுடுச்சுண்ணே. நீங்க என்ன செய்வீங்க?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். “ஒங்கள மாதிரி வேல தெரிஞ்ச ஆளு இல்லன்னு அவரு எப்பவும் சொல்வாருண்ணே” என்றபடி கோப்பி கலந்து வைக்கிறார். குடித்துவிட்டு எழுந்து வருகிறேன்.