ஷபானா சொன்ன உப்பு

என் ஷபானாவுக்கு,

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாடல் ஜெயித்துவிட்டது.

உள்ளங்கை அகலமுள்ள அந்த ரியாக்டரை நீ ‘பெட்டி’ என்பாய். ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடு, மறுபக்கம் உப்புக் கரைசல். மின்சாரம் கொடுத்தால், தோல் பதனிடும் டேனரிகளில் தோலுக்குச் சாயம் பிடிக்க வைக்கும் பார்மிக் அமிலத்துக்கான சரக்கு கிடைக்கும். பெட்டியை ஓட்டுவது நீ. அதையே கணினியில் சமன்பாடுகளாக, மாடலாக எழுதுவது நான். என் திரையில் அது நாள் முழுக்க ஓடியது. உன் மேசையில் மூன்று மணி நேரத்தில் படுத்துவிட்டது.

“வாயு போற துளையில உப்பு படியுது, கலை. அதையும் மாடல்ல சேத்துடு,” என்றாய்.

“உன் பெட்டியில எங்கியாவது லீக் இருக்கும். போய்ப் பாரு,” என்றேன், லேபில் எல்லோர் முன்னாலும்.

ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. அப்புறம் காய்ச்சல். நான்கே நாளில் போய்விட்டாய். மன்னிப்புக் கேட்கக்கூட விடாமல் அப்படியென்ன அவசரம் உனக்கு?

பேரணாம்பட்டில் உன் அம்மா, நீ ‘அம்மி’ என்பாயே, அவர் கொடுத்த உன் நோட்டைப் பிரிக்க எனக்குப் பல மாதம் ஆனது. எந்த நேரத்தில் எவ்வளவு வெள்ளைப் படிவு என்று வரிவரியாக எழுதியிருந்தாய். அந்த உப்பைச் சமன்பாட்டில் சேர்த்தேன். திரையில் பெட்டியின் ஓட்டத்தைக் காட்டும் கோடு, உன் மேசையில் நடந்ததுபோலவே, மூன்றாவது மணியில் சரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இடையிடையே தண்ணீர் விட்டுத் துளைகளைக் கழுவினால்? தாங்கும் என்றது மாடல். நேற்று உன் பெட்டியிலேயே செய்து பார்த்தோம். மூன்று மணி நேரம் தாண்டியது. ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. சாயங்காலம் நாங்களாகத்தான் நிறுத்தினோம்.

டேனரியில் இருந்த உன் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“இன்னாம்மா சொல்ற? ஜாஸ்தி நேரம் ஓடிச்சா?”

“ஆமாப்பா. ஷபானா சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு.”

சாய டிரம் உருளும் சத்தத்தைத் தாண்டிக் குரலை உயர்த்தினார். “வீட்டுக்கு வாம்மா. அவ அம்மிகிட்ட நீயே சொல்லு.”

வெள்ளிக்கிழமை போகிறேன். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும்.

அடுத்து, சிலிண்டர் வாயுவை விட்டுவிட்டு ஆம்பூர் டேனரி பாய்லர் புகையையே கொடுக்கப் போகிறோம். புகையில் இருக்கும் கந்தகம் பெட்டியை ஒன்றும் செய்யாது என்கிறது என் மாடல். இந்த முறை பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பேன். இது சத்தியம்.

உன் வீட்டின் இன்னொரு மகள்,
கலைச்செல்வி