உறைமேல் முகவரி

கேடன்வில், ஆர்கன்சா
1996 பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

நலம்தானே? உன் சலவைக்கடை முதலாளி இன்னும் உன்னிடம் வாயை அகலத் திறந்துதான் பேசுகிறாரா?

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு தடவை தகுதி இல்லை என்று திருப்பினார்கள். இந்தத் தடவை நீதிபதியே நேரில் பார்த்து முடிவு சொல்வாராம். தேதி வந்தால் நிம்மதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இதுவும் கைவிட்டுப் போனால் எனக்கு வேறு வழியில்லை, அக்கா. கோழி ஆலையில் இறக்கை வெட்டி வெட்டி மரத்துப்போன இந்த விரல்களுக்கு யார் வேலை தருவார்கள்? உதவித்தொகை கிடைத்தால்தான் மருத்துவ அட்டை, அட்டை இருந்தால்தான் அறுவைச் சிகிச்சை. வாடகை பாக்கிக்கு வீட்டு உரிமையாளரும் எவ்வளவு காலம் பொறுப்பார்?

ஆலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்த லவோன் இதே மாதிரி விசாரணையில் போன மாதம் தோற்றுவிட்டாள். பொழுது எப்படிப் போகிறது என்று நீதிபதி சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். இவளும் பெருமையாக, பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டுப்போர்வை தைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். வருடம் முழுக்கத் தைத்தாலும் ஒன்று முடிக்கமாட்டாள். ஊசி பிடிக்கிற கை வேலையும் செய்யும் என்று எழுதிவிட்டார்கள்.

நான் என்ன உளறப் போகிறேனோ.

அன்புடன்,
நெல்டா


பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா
பிப்ரவரி 25

என் செல்லத் தங்கைக்கு,

முதலாளி அப்படியேதான் இருக்கிறார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன்.

எனக்கு நீதிபதியிடம் பயமில்லை, உன் மரியாதையிடம்தான் பயம். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் 'பரவாயில்லைங்க, ஓடுது' என்று சொல்கிற குடும்பம் நம்முடையது. அம்மா செத்த அன்று காலையில்கூட டாக்டரிடம் அதைத்தான் சொன்னாள். தயவுசெய்து நீ சொல்லாதே. காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவுவதைச் சொல். பொத்தான் போட முடியாமல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாயே, அதையும் சொல். வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை.

இன்னொன்று. உன் கடிதத்தில் கடைசி வரிகள் காகிதத்தை விட்டே இறங்கி ஓடுகின்றன. வலித்தால் நிறுத்திவிடு. பாதிக் கடிதம் வந்தாலும் படிப்பேன்.

முத்தங்களுடன்,
ஓலீட்டா


கேடன்வில்
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

விசாரணை தள்ளிப்போய்விட்டது. நீதிபதிக்கு உடம்பு சரியில்லையாம். இனி அக்டோபரில்தான்.

அதற்கு முன்பே வக்கீல் பிரூவிட் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். டிவி பார்ப்பேன், அக்காவுக்குக் கடிதம் எழுதுவேன் என்றேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். கையாலா எழுதுகிறீர்கள், எத்தனை பக்கம் என்று கேட்டார்.

எல்லாம் விளக்கினேன். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் உனக்குக் காது போனது, போனில் பேச வழியில்லை, வெந்நீரில் கையை ஊறவைத்து, பேனாவில் துணி சுற்றி, ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா அவங்க காதுல 'எழுதுறாங்க'ங்கிறது மட்டும்தான் விழும்" என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உண்மையை முழுசாகச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னார்.

அன்றிலிருந்து உனக்கு எழுத உட்கார்ந்தாலே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். தபால் நிலையத்தில் இருக்கும் பெண் ஆலை மேற்பார்வையாளரின் மைத்துனி. போன வாரம் அஞ்சல்தலையைக் கொடுத்துக்கொண்டே, "அக்காவுக்கா? விடாம எழுதுறீங்களே" என்று சிரித்தாள். நல்ல எண்ணத்தில் கேட்டாளா, தெரியவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நெல்டா


பேக்கர்ஸ்ஃபீல்ட்
ஏப்ரல் 3

அடியே பயந்தாங்கொள்ளி,

கேட்டால் சொல்லிவிடு. வெந்நீரைச் சொல், துணியைச் சொல், பேனா விழுந்து விழுந்து எடுப்பதைச் சொல். எனக்குக் காது கேட்காது என்று நம்பாவிட்டால் என்னைப் போனில் கூப்பிட்டுக் கத்திப் பார்க்கட்டும். வேண்டுமானால் பேருந்தில் வந்து நானே சாட்சி சொல்கிறேன்.

பயத்தில் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் என்னைப் பார்த்து வாயசைக்கிறார்கள், அவ்வளவுதான். என்னோடு பேசுகிறவள் நீ ஒருத்திதான், நெல்டா. இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

உன்,
ஓலீட்டா


கேடன்வில்
அக்டோபர் 18

அக்கா,

நேற்று முடிந்தது.

வலது கையைத் தூக்கி, உண்மையே சொல்வதாக உறுதி கொடுத்தேன். நீதிபதி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதனாலேயே பயம் கூடியது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும் 'பரவாயில்லைங்க' என்று வந்தேவிட்டது. வக்கீலின் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொன்னேன். கோப்பை, பொத்தான் எல்லாம் சொன்னேன்.

அதன்பிறகு வேலை நிபுணர் என்று ஒருவரைப் பேசச் சொன்னார்கள். இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன வேலை செய்யலாம் என்று சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். என் கையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "உறைமேல முகவரி எழுதுற வேலை இருக்குங்க. உக்காந்துக்கிட்டே செய்யலாம்" என்றார்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க கடிதம் ஏதாவது எழுதுறதுண்டாம்மா?"

நீ சொன்னபடி வெந்நீரையும் துணியையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லவோனின் போர்வை கண்ணுக்குள் வந்து நின்றது.

"இல்லைங்க. யாருக்கும் எழுதுறதில்ல" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். வக்கீல் தலைகுனிந்து காகிதத்தைப் புரட்டினார்.

தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகுமாம். கிடைத்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பார்களாம். இனி நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் எனக்கு எதிரான சாட்சி. லவோனைக் கொண்டு எழுதவைக்கலாம்தான், ஆனால் அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அதனால் இதுதான் கடைசி. அடுத்த ஊருக்குப் போய் அங்கே உள்ள பெட்டியில் போடுகிறேன்.

நீ எழுது. கடிதம் வாங்குவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதியவற்றை எரித்துவிடு, ஒன்று விடாமல். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இதில் என் பெயர் போடவில்லை. உனக்குத் தெரியும்.


பேக்கர்ஸ்ஃபீல்ட்
1997 பிப்ரவரி 2

என் செல்லத் தங்கைக்கு,

பதில் வராது என்று தெரிந்துகொண்டே எழுதுவது இன்னும் பழகவில்லை. கேள்வி கேட்டு எழுதிவிடுகிறேன், அப்புறம் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்கிறேன்.

முதலில் உன்மேல் கோபமாக இருந்தது. யாருக்கும் எழுதுவதில்லை என்றாயே, அப்படியானால் நான் யார் என்று பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. தீர்ப்பு வந்ததா, கைக்கு வைத்தியம் நடந்ததா, ஒன்றும் தெரியவில்லை. என் கடிதங்கள் திரும்பி வராததால் நீ அதே வீட்டில்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வெற்று உறை ஒன்றாவது அனுப்பு என்று எழுதிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். உறைமேல் முகவரி எழுதுவதைத்தானே அந்த ஆள் வேலை என்றான்.

ஈஸ்டருக்கு முதலாளியிடம் விடுமுறை கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பேருந்தில் வருகிறேன். எதிரில் உட்கார்ந்து வாயை அசைத்துப் பேசு. அதை யாரும் சாட்சிக்குக் கொண்டுவர முடியாது.

உன் கடிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் உனக்குத் தூக்கம் வராது. அதனால், எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்று எழுதுகிறேன்.

உன் அக்கா,
ஓலீட்டா