நெட் போகாத ஊரில் நம் லைப்ரரி

ஏட்டி,

இன்று நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியதும் போனில் சிக்னல் போயிற்று. மேல்மாடியில் கதவு திறந்ததும், அடைபட்டுக் கிடந்த சேதிகளெல்லாம் டிங் டிங்கென்று வந்து விழுந்தன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் அவளுக்கு முழுக் கதையையும் சொல்லாமல் விட்டிருக்கமாட்டாய்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே நாம் வாடகைக்கு எடுத்த அறை. ஷீட் வாடை சோற்றில்கூட ஏறும். அங்கே உட்கார்ந்துதான் ஆண்ட்ராய்டு போனுக்கு லைப்ரரி எழுதினோம். "லைப்ரரின்னா புக்கெல்லாம் எங்கட்டி?" என்று உன் அம்மா கேட்டார். "நாம அரைச்சு வச்ச மசாலாம்மா. எந்த வீட்டுக்காரியும் எடுத்து அவ குழம்புல போடலாம்" என்றாய். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. நம் மசாலாவுக்கு ஒரே வேலைதான். நெட் இல்லாதபோது செயலியில் எழுதியதைப் பிடித்துவைத்து, நெட் திரும்பியதும் அனுப்ப வேண்டும்.

நம் ஊர் நெட்டின் குணம் உனக்குத் தெரியாததா? கொஞ்ச நேரம் இருக்கும், மழை தூறினால் போகும், மறுபடி வரும். அருமனைக்கும் திற்பரப்புக்கும் பஸ்ஸில் போய்ப் போய்ச் சோதித்தோம். ஒரு சேதிகூடத் தவறவில்லை. சந்தோஷத்தில் நமக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது உனக்குத் துபாயில் வேலை உறுதியாகியிருந்தது. போக உனக்குத் துளியும் மனமில்லை. அப்பாவைக் கடல் கொண்டுபோனபின் அம்மாவுக்கு நீ மட்டும்தான். சென்னைக் கம்பெனி ஒன்று நம் லைப்ரரியை எடுத்துக்கொண்டால் நீ ஊரில் இருக்கலாம், இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். அம்மா பெட்டியில் கருவாடு கட்டத் தொடங்கிவிட்டார்.

சென்னையில் அந்தக் கம்பெனியின் ஏசி அறையில் அத்தனை பேர் பார்க்க, நான் போனில் எழுதி 'அனுப்பு' என்பதைத் தட்டினேன். போகவில்லை. மறுபடி தட்டினேன். ம்ஹும். நீ போனின் மூலையைப் பார்த்தாய். சிக்னல் முழுசாக இருந்தது.

"சார், இங்க நெட்டு போகவே போகாதா?"

"இல்லையேம்மா" என்றார் அங்கிருந்த மூத்த அதிகாரி.

நீ தலையில் கைவைத்துச் சிரித்தாய். நெட் திரும்பி வரும் நொடியில் அனுப்பு என்றுதான் எழுதியிருந்தோம். போகாத நெட் எப்படித் திரும்பி வரும்? நம் ஊரில் இது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

"மக்கா, கெட்டது வந்தா என்ன செய்யணும்னு எழுதிட்டோம். நல்லதாவே இருந்தா என்ன செய்யணும்னு எழுதலியே" என்றாய், எல்லோர் முன்னாலும். பிறகு அவர்களையும் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினாய். கீழே கதவு திறந்து சிக்னல் திரும்பியதும் சேதிகள் பறந்தன. "தப்பு எங்களுது சார். மத்தியானத்துக்குள்ள சரியாக்கித் தாரோம்" என்றாய். அவர்கள் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து சில வரிகள் சேர்த்தோம். அந்த அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பை லிஃப்ட்ல ஏத்திக் காட்டினவங்க நீங்கதாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தெருவுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாய். "அம்மா, பெட்டி கட்டாண்டாம். கருவாட்ட எடுத்துப் பொரி. நான் எங்கயும் போகல." அந்தப் பக்கம் அம்மா அழுதது எனக்கும் கேட்டது.

அதன்பின் சில வருடங்கள் ஊரிலேயே சந்தோஷமாக இருந்தாய். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. உன்னை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, வலிக்கும்போதே சிரிப்பும் வருகிறது. கெட்ட நாளை எப்படித் தாங்குவது என்று ஊரே எனக்குச் சொல்லித்தந்தது. நல்ல நாளுக்கு என்னிடம் இருப்பது உன் பேச்சுத்தான். முகம் தெரியாத யாரோ நம் லைப்ரரியை எடுத்தாலும், புதுப் பதிப்பு பிழையில்லாமல் போனாலும், அந்தச் சேதியை நான் பிடித்துவைப்பதில்லை. உடனே உன் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறார்.

"சொல்லு மக்கா" என்கிறார், "இன்னைக்கு என்ன நல்லது?"