இருந்த இடத்திலேயே மாறிய விலாசம்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
04.03.2024

அன்பின் அத்தான்,

சுகம் கேட்டு எழுத இன்று கை வரவில்லை. நம் கலியாணம் உண்மையானது என்று காட்ட, விசாக் கோப்பில் வைக்க லோயர் மாதாமாதம் எழுதச் சொன்ன கடிதமும் அல்ல இது. உங்களுக்கு மட்டும்.

தவராசா லோயர் இன்று என்னைக் குரோய்டனில் உள்ள தன் கந்தோருக்குக் கூப்பிட்டார். உங்களை இங்கே எடுப்பிக்கும் விண்ணப்பம் அடுத்த மாதம் போகவேண்டும். நீங்கள் கொரியாவிலிருந்து அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொழிற்சாலை தந்த வேலைக் கடிதத்தில் வட கியொங்சாங் மாகாணம், குன்வி. வதிவிடப் பதிவுத் தாளில் டேகு மாநகரம். "தங்கச்சி, மனுசன் உண்மையிலை எங்கை இருக்கிறார்?" என்று கேட்டார். 

வேலைத்தலத்தை விட்டு ஓடினால் அங்கே விசா போய்விடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். உங்கள் அறையில் இருந்த முகுந்த் ஓடிப்போய் டேகுவில் ஒளித்து வேலை செய்கிறான் என்றும் சொன்னீர்கள். அவனோடு போய்விட்டீர்களா? கலியாணம் கட்டிப் பதினெட்டு நாள்தான் சேர்ந்திருந்தோம். அதற்குள் பொய் சொல்லப் பழகிவிட்டீர்களா?

சிவரூபினி

குன்வி
13.03.2024

அன்பின் ரூபி,

நான் ஓடவில்லை. ஒரு அடிகூட நகரவில்லை. மாகாணம்தான் நகர்ந்தது.

போன வருடம் ஜூலை முதலாம் திகதி குன்வியை முழுதாக வட கியொங்சாங்கிலிருந்து கழற்றி டேகு மாநகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஊரில் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராம சேவையாளர் பிரிவு என்று இருப்பதுபோல இங்கே தோ, குன், ம்யொன், ரி. அதில் மேலே இருந்த தோ மட்டும்தான் போனது. என் குன், ம்யொன், ரி, அறை, ஒழுகும் குழாய் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாநகரம் என்று பெயர். யன்னலைத் திறந்தால் அப்பிள் தோட்டம். முதலாளி பழைய மாகாணம் அச்சடித்த கடிதத்தாள் முடியும்வரை அதிலேயே அடித்துக் கொடுக்கிறார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீர் கேட்கவில்லை, தீர்ப்பு எழுதினீர்.

சயந்தன்

தோர்ண்டன் ஹீத்
22.03.2024

அத்தான்,

லோயரிடம் சொன்னேன். சிரித்தார். "ஒரு மாவட்டத்தையே தூக்கி மற்றப் பக்கம் வைச்சவங்களோ?" என்றார். எனக்குத்தான் வெட்கம்.

எட்டு மாதமாக உறையில் பழைய மாகாணத்தையே எழுதி அனுப்புகிறேன். ஒருநாளாவது திருத்தினீர்களா? நீங்கள் சொல்வது உண்மையென்றால் அங்குள்ள அரசாங்கக் கந்தோரில் அத்தாட்சி எடுத்து அனுப்புங்கள். அது வராமல் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க என்னால் ஏலாது.

சிவரூபினி

குன்வி
03.04.2024

சிவரூபினி,

அத்தாட்சி இதோடு இருக்கிறது. அரைநாள் லீவு போட்டு குன் கந்தோரில் எடுத்தேன். அங்கிருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தித் தந்தாள்.

பழைய மாகாணம் போட்டு நீர் அனுப்பிய அத்தனை கடிதமும் என் கைக்கு வந்தன. வந்து சேர்ந்ததால்தான் திருத்தவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று தபால்காரனுக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியவில்லை.

விசா அதிகாரி சந்தேகப்படுவான் என்று ஆயத்தமாக இருந்தேன். அவனுக்கு முதலே நீர் அந்த வேலையைச் செய்துவிட்டீர். கையெழுத்து வைக்க மனமில்லையென்றால் விடும். ஒப்பந்தம் முடிய நான் யாழ்ப்பாணத்துக்கே போகிறேன்.

சயந்தன்

தோர்ண்டன் ஹீத்
15.04.2024

அன்பின் அத்தான்,

கையெழுத்து வைத்துவிட்டேன்.

பிழை என்னுடையது. கட்டின மனுசனிடம் முத்திரை குத்திய தாள் கேட்டிருக்கிறேன். நினைக்க எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ஆனால் உங்கள் மேலும் கோபம் போகவில்லை. விலாசம் மாறிவிட்டது என்று மனைவிக்கு ஒரு வரி எழுத எட்டு மாதம் காணாதா?

அத்தாட்சியைக் கொடுக்கப் போன அவசரத்தில் உங்கள் சண்டைக் கடிதங்கள் இரண்டும் அதே உறைக்குள் போய்விட்டன. லோயர் எடுத்து வாசித்தார். பறிக்கப் பார்த்தேன், விடவில்லை. அவர் சொல்லி எழுதிய நம்முடைய அன்புக் கடிதங்கள் கோப்பில் ஒரு கட்டுக் கிடக்கின்றன. ஒன்றையும் அவர் முழுதாக வாசித்து நான் காணவில்லை. இவற்றைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அதுகள் கிடக்கட்டும் தங்கச்சி. இதுகளை முதலிலை வைக்கப்போறன். இதைப் பாத்தபிறகு நீங்கள் புருசன் பெண்சாதி இல்லையெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது" என்றார்.

நான் உங்களுக்கு எழுதிய இரண்டும் சேர்த்து வேண்டுமாம். வைத்திருந்தால் உடனே அனுப்புங்கள். ஆத்திரத்தில் கிழித்திருந்தால் சொல்லுங்கள், திரும்ப எழுதுகிறேன். கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

உங்கள் ரூபி