பச்சைக் குறி சொன்ன பொய்

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் தளத்தின் நிரலில் இருந்த பழைய லைப்ரரியை, அந்த ஆயத்த நிரல் தொகுப்பை, இன்று கழற்றி எறிந்தாயிற்று. சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கி வருகிற வேலைக்கு அவ்வளவு பெரிய மூட்டை எதற்கு? புதியது சின்னது, பக்கம் சட்டென்று திறக்கிறது. நெட் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தேன். பிழைச் செய்தி ஒழுங்காக வந்தது. டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் கார் பதிவு செய்யும் தளம். அவர்கள் காத்திருப்பது குறைந்தால் நல்லதுதானே. எனக்கு நானே ஒரு டோனட் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் சர்வர் இருபது நிமிடம் படுத்துவிட்டது. அந்த நேரத்தில் கார் கேட்ட ஐந்து பேருக்கும் என் பக்கம் பச்சைக் குறி போட்டு 'கார் உறுதி' என்று காட்டியிருக்கிறது. ஒரு காரும் பதிவாகவில்லை! நாலு பேர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாமவர் ஆஹோ, எழுபத்தொரு வயது. எங்கள் டுலூத் நகரப் பனிக்குளிரில் வாசலில் ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறார். டயாலிசிஸ் தவறி, நாளைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

கார்களை அனுப்பும் லொரெட்டா போனில் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவரு உன் ஸ்கிரீனத்தாம்மா நம்பி நின்னாரு" என்றார். ஆஹோ இனி அந்தத் தளத்தின் பக்கமே வர மாட்டாராம்.

அதே நாள், மதியம்

கண்டுபிடித்துவிட்டேன். பழைய லைப்ரரி, சர்வர் 500, 503 என்று எந்தக் கோளாறு எண்ணைச் சொன்னாலும் அதைப் பிழையாக நம் முகத்தில் எறியும். புதியதற்குப் பதில் என்று ஒன்று வந்தால் போதும்; அது நல்ல பதிலா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இணைப்பு அறுந்தால் மட்டும்தான் அலறும். நான் அறுத்து மட்டும்தான் சோதித்தேன்.

தெரியாதா எனக்கு? புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் நானே எச்சரிக்கிற விஷயம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள் — நான் யானைகூட இல்லையே.

பிப்ரவரி 7, வெள்ளி

தவறு நடந்தால் கூடிப் பேசும் கூட்டம். யார் செய்தது என்று அங்கே கேட்கக் கூடாது, அது எங்கள் ஆபீஸ் வழக்கம். எங்கள் குழுவின் பொறுப்பாளர் ஜானெல், 'லைப்ரரி மாற்றப்பட்டது' என்று எழுதினாள், ஏதோ பேய் வந்து மாற்றிய மாதிரி.

"நான்தான் மாத்தினேன், எழுதிக்கோ" என்றேன்.

"பேரு வேணாம். மறுபடி யாரும் வாசல்ல நிக்காம இருக்க என்ன பண்ணலாம், அதச் சொல்லு."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். மனசு லேசானது.

பிப்ரவரி 10, திங்கள்

சர்வரைக் கேட்கும் எல்லா அழைப்பும் இனி நிரலில் ஒரே இடத்தின் வழியாகத்தான் போகும். 'சரி' என்று பொருள்படும் இருநூறுகளில் இல்லாத எண்ணோடு எது வந்தாலும் பச்சைக் குறி கிடையாது.

பிப்ரவரி 12, புதன்

வெட்கக்கேடு. கேட்ட நேரத்தில் கார் இல்லையென்றால் சர்வர் 409 என்று சொல்லி, காலியாக உள்ள வேறு நேரங்களையும் எழுதி அனுப்புகிறது. பழைய லைப்ரரி இருந்த காலத்திலும் நாங்கள் அதைப் பிரித்தே பார்த்ததில்லை. 'ஏதோ தவறு' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறோம். இன்றுமுதல் அந்த நேரங்கள் திரையில் வரும்.

503 வந்தால், அதாவது சர்வர் படுத்துவிட்டால், தானே திரும்பத் திரும்பக் கேட்கும்படி வைக்கலாமே என்றான் பெக்கா, என் பக்கத்து மேஜைக்காரன். பாதி பதிவாகிப் பாதியில் நின்றிருந்தால் ஒருத்தருக்கே மூன்று கார் போய் நிற்கும், லொரெட்டா நம் தோலை உரித்துவிடுவார் என்றேன். அதனால் 503-க்கு இப்படி: 'கார் பதிவாகவில்லை. வெளியே நிற்க வேண்டாம். லொரெட்டாவைக் கூப்பிடுங்கள்.' கீழே போன் நம்பர், பெரிய எழுத்தில்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆஹோவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "வண்டி இல்லன்னா இல்லன்னு சொல்லிடும்மா. அதத் தாங்கிக்கலாம்" என்றார். சரி செய்துவிட்டதாகச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

சர்வர் மறுபடி படுத்தது. பதினெட்டு நிமிடம்.

பத்து மணிக்கு லொரெட்டா கூப்பிட்டுத் திட்டினார். "உன்னாலதான் எனக்குக் காலைலேர்ந்து போனைக் கீழ வைக்க முடியல. ஏழு பேரு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர். ஏழு பேருக்கும் கார் அனுப்பி வச்சுட்டுத்தான் காபியே குடிச்சேன்."

பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் தளத்தில் கார் கேட்டவர்கள் ஏழே பேர்தான்.

"அதுல ஆஹோ இருந்தாரா?"

"மொத ஆளே அவருதாம்மா. இந்நேரம் டயாலிசிஸ் நாற்காலில சாஞ்சு தூங்கிட்டிருப்பாரு."